கறுத்த மாடு

முருகன் ஒல்லி, நான் அகலம். அளவைத்தான் சொல்கிறேன். கூடத்துச் சுவரில் என் படம் தொங்கிய ஆணியில் தனபாக்கியம் இன்று காலை நகைக்கடை காலண்டரை மாட்டிவிட்டாள். வேலும் மயிலுமாக நிற்கிறவருக்கு இரண்டு பக்கமும், இத்தனை வருடம் புகையும் தூசியும் படாத சுவர் புதுச் சுண்ணாம்பு நிறத்தில் பட்டையாகத் தெரிகிறது. இங்கே வேறொருவன் இருந்தான் என்று அது கத்துகிறது. "அகலமான சாமியா ஒண்ணு மாட்டு, சிவன் குடும்பத்தோட இருக்கிற மாதிரி" என்று சொன்னேன். "வாய மூடிக்கிட்டு சட்டையப் போடுங்க" என்றாள். என் மனைவி என்னோடு பேசுகிற பேச்சில் பாதி வாயை மூடுவதைப் பற்றியது. அதில் நியாயமும் உண்டு. பட்டாளத்திலிருந்து வந்தபின் வங்கியில் காவல் வேலை. அங்கே துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஊழியர் நூலகத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன், படித்ததால் வரிசையில் நிற்பவர்களைத் திருத்தினேன். தேதியைத் தப்பாக எழுதுகிறவன், ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்கிறவன், போரின் வருடத்தை மாற்றிச் சொல்கிறவன், யாரையும் விட்டதில்லை. தப்பான தகவல் காதில் விழுந்தால் எனக்கு உடம்பில் எறும்பு ஊறும். "இன்னிக்கு யாரையும் திருத்தாதீங்க, உங்க காலத் தொட்டுக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லித்தான் கதவைத் திறந்தாள். இப்போது எதிர் சோபாவில் உட்கார்ந்திருப்பவர் குணரத்தினம். பக்கத்தில் அவர் மனைவி மகேசுவரி. யாழ்ப்பாணத்துக்காரர்கள், தொண்ணூறில் படகேறி வந்து திருச்சியிலேயே தங்கிவிட்டவர்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை என் மகன் செழியன். அதோ மோடாவில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கூடத்தில் இன்று எதுவும் கெட்டுப்போகாவிட்டால் அவர்கள் பெண் நிரோஜாவை அவன் கட்டிக்கொள்வான். கெட்டுப்போக இங்கே இருக்கும் ஒரே பொருள் நான். என்னையும் படத்தோடு சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா சோபாவில் உட்கார வேண்டும் என்பது சம்பிரதாயம்.

எலுமிச்சை வாசனை. டப்பாவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எந்த எலுமிச்சையும் இப்படி நாறி நான் பார்த்ததில்லை. விருந்தாளிகள் வருவதற்கு முன் தனபாக்கியம் அதைக் கொசு மருந்து மாதிரி மூலைக்கு மூலை அடித்தாள். அதன் மேல் ஊதுபத்தி, அதன் மேல் கோழிக் குழம்பு, அதன் மேல் என் புதுச் சட்டையின் பசை. வாசனை ஒன்றை இன்னொன்று மறைக்கும் என்று நம்புகிறவர்கள் வாசனையைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள். அடியில் கிடப்பது அடியில் கிடக்கும். மூக்கு அதைத் தோண்டி எடுக்கும். "காஷ்மீரில நல்ல குளிராயிருந்திருக்கும்" என்கிறார் குணரத்தினம். நான் தலையை ஆட்டுகிறேன். காஷ்மீர் செழியனின் கண்டுபிடிப்பு. அப்பா பட்டாளத்தில் இருந்தார் என்றதும் எங்கே என்று குணரத்தினம் கேட்டிருக்கிறார். இவன் காஷ்மீர் என்றிருக்கிறான். நிரோஜாவுக்கு உண்மை தெரியும். அந்தப் பெண்தான், "அப்பாவுக்குத் தெரிய வேணாம், அவர் தாங்கமாட்டார்" என்று சொல்லிக்கொடுத்ததாம். நான் காஷ்மீருக்குப் போனதே இல்லை. பனியை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் பார்த்திருக்கிறேன், கத்தியால் சுரண்டியிருக்கிறேன். "பனி கண்ணாலயே பார்க்க முடியாத அளவுக்குக் கூசும்னு சொல்வாங்க" என்கிறேன். கவனியுங்கள், சொல்வாங்க. பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. பொய் சொன்னது என் மகன். நான் தலையை மட்டும் ஆட்டினேன், தலையாட்டலுக்கு வினைமுற்று கிடையாது. இப்படித்தான் காலையிலிருந்து எனக்கு நானே வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன், எனக்கே என்னைப் பார்த்தால் குமட்டுகிறது. குணரத்தினத்தின் காதோரம் வியர்வை இறங்குகிறது. மெலிந்த மனிதர், சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு, கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருக்கிறார், வங்கியில் கடன் கேட்க வருகிறவர்கள் உட்காருவது போல. இவருக்கு அப்போது என்ன வயது இருந்திருக்கும்? என் வயதுதான். எண்பத்தேழு அக்டோபரில் இவரும் நானும் ஒரே வயதுக்காரர்கள், ஒரே மொழிக்காரர்கள். அவர் ஊரை விட்டு ஓடினார், நான் பட்டாளத்தோடு அந்த ஊருக்கு வந்தேன். நினைக்காதே. மின்விசிறியைப் பார். மின்விசிறியில் ஒட்டடை. இத்தனை டப்பா அடித்தவள் அதை விட்டுவிட்டாள்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் படத்தில் ஒரு ஜெனரல் என் இடது மார்பில் பதக்கம் குத்துகிறார். நான் வயிற்றை உள்ளே இழுத்து, உதட்டை இறுக்கி நிற்கிறேன். எல்லோரும் அதை வீரனின் உறுதி என்பார்கள். முன்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் கொண்டையில் வாடிய தாழம்பூ வைத்திருந்தாள். அந்த வாசனைக்கு வாயைத் திறந்தால் ஜெனரலின் சட்டையிலேயே எடுத்துவிடுவேன் என்று பயந்து மூடியிருந்தேன். பதக்கத்துக்கு ஒரு வாசகம் உண்டு, அதை மேடையில் படித்தார்கள், தமிழில் சொன்னால் இப்படி வரும்: எதிரியின் குண்டு மழைக்கு நடுவே, தன்னுயிரைத் துச்சமென மதித்து, காயமுற்ற தன் அதிகாரியை நோக்கித் தனியாகப் பாய்ந்து, அவரை மீட்டார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு எறும்பாக ஊறுகிறது. மழை மேலிருந்து வரும். குண்டு பக்கவாட்டில் வந்தது. என்னுயிரை நான் ஒருநாளும் துச்சமென மதித்ததில்லை, அன்று வழக்கத்தை விட அதிகமாகவே மதித்தேன். அதிகாரியை நோக்கி நான் பாயவில்லை. அவர் அங்கே கிடக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. இதையெல்லாம் வாசகம் எழுதிய கேப்டனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மாட்டையெல்லாம் எழுத முடியாது சோலையப்பா" என்றார். ஊருக்கு வந்தபோது வேறு கதை. பட்டாளத்தை விட்டு வந்தவனுக்கு எங்கள் ஊரில் மேளம் அடிப்பார்கள், எனக்கு அடிக்கவில்லை. டீக்கடையில் ஒருத்தன் என் காதுபட, "நம்ம சனத்தையே சுட்டுட்டு வந்து நெஞ்சுல மாட்டிக்கிட்டுத் திரியுறான்" என்றான். அவனே பத்து வருடம் கழித்து, கட்சியில் பதவி வந்ததும், குடியரசு தினத்துக்கு என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினான். பாலியஸ்டர். அரிக்கும். மைக்கில் என் வீரத்தைப் பற்றி முழங்கினான், எந்தப் போர் என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. வைதவனும் புகழ்ந்தவனும் ஒரே வாய், ஒரே வெற்றிலைக் காவி. எது எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது என்று கேட்டால், பொன்னாடை என்று சொல்வேன். வைதபோது அவனுக்குக் குறைந்தபட்சம் எந்த ஊர் என்றாவது தெரிந்திருந்தது.

"கையை வீசிக்கொண்டு வரக் கூடாதெண்டு இதைச் சுட்டுக்கொண்டு வந்தனான்" என்று மகேசுவரி பையிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுக்கிறாள். "பனங்காய்ப் பணியாரம். இஞ்ச நல்ல பனம்பழம் கிடைக்கிறது லேசில்லை. செந்தண்ணீர்புரத்தில ஒரு ஆள் கொண்டு வந்து தந்தவர்." மூடி திறக்கிறது. எலுமிச்சை செத்தது, ஊதுபத்தி செத்தது, கோழி செத்தது. பனம்பழம் வந்து கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கனிந்த பனம்பழத்தின் வாசனையை மணம் என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர்களோடு நான் சண்டை போடவில்லை, அவர்கள் அதை அது மட்டுமாக முகர்ந்தவர்கள். எனக்கு அது தனியாக வராது. அது மாட்டோடுதான் வரும். பனைகளுக்கு நடுவே ஒரு காணி, வேலி சரிந்து கிடக்கிறது, பழங்கள் விழுந்து நசுங்கி, ஈ மொய்த்து, மஞ்சள் சாறு மண்ணில் ஊறி, அங்கே அந்த மாடு. நினைக்காதே என்றால் நினைக்காமல் இருக்க மூக்குக்குத் தெரியாது. செவலை மாடு. நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை, திருநீறு இட்டது போல. கழுத்துக் கயிறு பனையோடு கட்டியிருந்தது. யாரோ கட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. கயிறு எட்டிய தூரம் வரைக்கும் ஒரு வட்டம். அதற்குள் ஒரு புல் இல்லை, புல்லின் வேர்கூட இல்லை, மண்ணை நக்கியிருந்தது. வட்டத்துக்கு வெளியே முழங்கால் உயரப் பச்சை. வெளியேதான் அத்தனை பழமும். முகம் பழங்களைப் பார்த்து நீண்டு கிடந்தது. செத்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும், வயிறு பீப்பாய் மாதிரி ஊதியிருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து சுட ஆரம்பித்ததும் ஒளிய வேறு இடம் இல்லை. நான் அதன் முதுகுக்குப் பின்னால் விழுந்தேன். முகத்தை அதன் தோலில் அழுத்திக்கொண்டு கிடந்தேன். நல்ல மறைவு. குண்டுகள் அதன் அந்தப் பக்கத்தில் பொத் பொத்தென்று இறங்கின, எனக்கு முன் அது வாங்கிக்கொண்டது. பிறகு ஒன்று வயிற்றில் இறங்கியது. அது பெருமூச்சு விட்டது. உண்மையாகவே, நீளமாக, வேலை முடித்து உட்காருகிற பெண்பிள்ளை விடுவது போல ஒரு மூச்சு, என் முகத்தின் மேல், வாய்க்குள். பின் ஏதோ வெதுவெதுப்பாக என் கழுத்து வழியே இறங்கியது. நான் எழுந்து, எந்தப் பக்கம் என்று பாராமல் அதைத் தாண்டி ஓடினேன். பின்னால் மாடு கிடந்தது. முன்னால்தான் போக முடியும். துப்பாக்கியை எங்கே பிடித்திருந்தேன் என்று தெரியாது, வாந்தி எடுத்துக்கொண்டே ஓடினேன், சுட்டவர்கள் என்ன நினைத்தார்களோ, கொஞ்ச நேரம் சுடவே இல்லை. வாந்தியோடு பாய்ந்து வருகிறவனைப் பற்றி அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு கால்வாயில் விழுந்தேன், அதில் என் லெப்டினன்ட் தொடையில் குண்டோடு கிடந்தார், அவர் மேலேயே விழுந்தேன். திரும்பி மாட்டின் பக்கம் போக மாட்டேன் என்பதால் அவரை வேறு வழியாக இழுத்துக்கொண்டு போனேன். அந்த வழியில் நம் ஆட்கள் இருந்தார்கள். இவ்வளவுதான். குமட்டலுக்கு ஒரு பதக்கம் கொடுத்த முதல் அரசாங்கம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"எடுங்கோ" என்கிறாள் மகேசுவரி. தட்டில் பணியாரங்கள், கரும்பழுப்பாக, எண்ணெய் மினுங்க, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிராணி போட்டுவிட்டுப் போனது போல. தனபாக்கியம் என்னைப் பார்க்கிறாள். செழியன் என்னைப் பார்க்கிறான். இருவருக்கும் தெரியும், எங்கள் வீட்டில் பனம்பழம் நுழைந்ததே இல்லை, தெருவில் யாராவது அவித்தால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு காவேரிப் பாலம் வரை போய்விடுவேன். எடுக்காமல் இருக்கலாம், சர்க்கரை வியாதி என்று சொல்லலாம். ஆனால் கோழிக் குழம்பு, பாயசம் எல்லாம் இனிமேல்தான் இருக்கிறது, பாயசத்தை மட்டும் குடித்தால் அந்த அம்மாள் என்ன நினைப்பாள்? தான் சுட்டதை இந்த வீடு தொடவில்லை என்று நினைப்பாள். நான் ஒன்றை எடுத்தேன். வாயில் போட்டேன். வெளியே மொரமொரப்பு, உள்ளே குழைவு, உள்ளேதான் அது இருக்கிறது, இனிப்புக்குப் பின்னால் அந்தக் கசப்பும் நாரும். மூச்சை நிறுத்தினேன். மூச்சை நிறுத்தி மெல்லுவது ஒரு கலை, அதற்குப் பதக்கம் கிடையாது. நாக்கை அசைக்காமல் தொண்டைக்கு அனுப்பினேன், தொண்டை திருப்பி அனுப்பியது, மறுபடி அனுப்பினேன். கண்ணில் தண்ணீர். "ரொம்ப நல்லாருக்கு" என்றேன். மகேசுவரியின் முகம் மலர்ந்தது. "பாத்தியளே, அவருக்குப் பிடிச்சுப் போச்சு" என்றாள் கணவனிடம். விழுங்கிவிட்டேன். முடிந்தது. கல்யாணம் முடிந்தமாதிரிதான்.

தனபாக்கியம் காபி கொண்டுவருகிறாள். குணரத்தினம் கையை உயர்த்தி, "எனக்கு வேண்டாம் தங்கச்சி" என்கிறார். "இவர் பால் குடிக்கிறேல்லை" என்கிறாள் மகேசுவரி, "வெறுந் தேத்தண்ணி இருந்தாத் தாங்கோ." "பாக்கெட் பாலுன்னு நினைக்காதீங்க, கறந்த பாலு, பக்கத்துல வாங்குறது" என்று என் மனைவி பதறுகிறாள். "அதுக்கில்லை. எங்கட வீட்டில ஒரு மாடு நிண்டது. எண்பத்தேழில இந்தியன் ஆமி வரேக்க கட்டினபடியே விட்டிட்டு ஓடினனாங்கள். அதுக்குப் பிறகு இவர் பாலைத் தொடுறேல்லை." செழியனின் நகம் வாயிலேயே நின்றது. நான் முருகனைப் பார்த்தேன். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு மாடு. வீட்டுக்கு வீடு ஓடினார்கள். ஆயிரம் பனை, ஆயிரம் கயிறு. கணக்குப்படி பார்த்தால் ஒன்றுமில்லை. "ஷெல் விழுந்துகொண்டிருந்தது" என்று குணரத்தினம் மெதுவாகச் சொல்கிறார், காஷ்மீர்க் குளிரைப் பற்றிக் கேட்ட அதே மரியாதையான குரல். "அவிட்டு விட ஒரு நிமிசம் போதும். நான் வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தனான், அது என்னையே பார்த்துக்கொண்டு நிண்டது. ரெண்டு நாளில வந்திடலாமெண்டு நினைச்சன். மாதக்கணக்காய் எங்களை ஊருக்குள்ள விடேல்லை. பேந்து போய்ப் பார்த்தா மாடுமில்லை, கயிறுமில்லை." "ஆமிக்காரர் அவிட்டு விட்டிருப்பினம் எண்டு நான் எப்பவும் சொல்லுறனான்" என்கிறாள் மகேசுவரி, பணியாரத் தட்டின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே. "அவங்களோ? விசர்க் கதை கதைக்காதை. வெட்டித் திண்டிருப்பாங்கள்" என்கிறார் அவர். எறும்பு. பாதத்திலிருந்து ஏறுகிறது. வாயை மூடு சோலையப்பா. தப்பான தகவல், ஆனால் வாயை மூடு. வங்கியில் ஒரு கிழவர் பாஸ்புத்தகத்தில் பிறந்த வருடத்தைத் தப்பாக எழுதியதை அவர் செத்த பிறகு மகனிடம் திருத்தியவன் நான், இதை எப்படி விடுவது, விடு, விட்டுத்தான் ஆக வேண்டும், மகன், கல்யாணம், முருகன், "நாங்க தின்னல சார்" என்கிறது என் வாய். "கட்டுன எடத்துலயேதான் கெடந்துது."

தனபாக்கியம் காபித் தட்டை அப்படியே தரையில் வைத்தாள். "அப்பா" என்றான் செழியன், அவ்வளவுதான் சொன்னான், அதுவே ஒரு முழு வசவு. குணரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், முருகனின் இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் ஒவ்வொன்றாக. பிறகு, "நீங்கள் அங்க நிண்டனீங்களோ?" என்றார். "நின்னேன்." "காஷ்மீரில்லை." "இல்லை சார்." மகேசுவரி தூக்கின் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், புறப்படுகிறவள் போல. எழுந்துவிடுவார்கள். எழுந்து, செருப்பைப் போட்டு, ஆட்டோ பிடித்து, வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்வார்கள். அதற்குப் பிறகு என் மகன் என் முகத்தில் விழிக்க மாட்டான், நியாயம். வாயில் இன்னும் பனம்பழம். ஆனால் அவர் எழவில்லை. கண்ணாடிக்கூட்டைப் பையிலிருந்து எடுத்தார், திறந்தார், மூடினார். "எவடத்தில?" என்றார். சந்தியைச் சொன்னேன், கூட்டுறவுக் கடை, அதற்குப் பின்னால் பனங்காணிகள். அவர் கண் மூடித் திறந்தது. "எங்கட காணியும் அங்காலதான்." குரல் கீழே போய்விட்டது. "நீங்கள் கண்ட மாடு... என்ன நிறம்?"

செவலை. நெற்றியில் வெள்ளை. வலது கொம்பின் நுனி கொஞ்சம் உடைந்தது. இடது காதில் ஒரு பிளவு. வேண்டுமானால் வரைந்து காட்டுவேன், அந்தத் தோலில் என் மூக்கு அழுந்தியிருந்தது. உலகத்தில் எனக்கு வேறு எதுவும் இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. என் அம்மா முகம்கூட இந்த அளவுக்கு நினைவில்லை. அந்த வட்டம் தெரியும், நக்கிய மண் தெரியும், பழங்களைப் பார்த்து நீண்ட முகம் தெரியும். கேட்கிறவருக்கு எல்லாவற்றையும் சொல்ல முடியும், தப்பில்லாமல், ஒரு எழுத்து பிசகாமல். அவர் கண்ணாடிக்கூட்டைப் பிடித்திருக்கிற விரல்கள் வெளுத்திருக்கின்றன. இந்த மனிதர் இத்தனை வருடமும் எங்கேயோ ஒரு பாதையில் அந்த மாட்டை நடக்க விட்டுக்கொண்டிருக்கிறார், வெட்டித் தின்றார்கள் என்று வாய் சொன்னாலும், பால் டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் அது எங்காவது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். சரியான தகவல் என்னிடம் இருக்கிறது. சரியான தகவலை நான் ஒருபோதும் யாருக்கும் மறுத்ததில்லை.

"கறுப்பு" என்றேன்.

"நல்ல கறுப்போ?"

"மைக் கறுப்பு சார். கொம்பு ரெண்டும் உள்ள வளஞ்சிருந்துது. கொஞ்சம் கிழட்டு மாடு. குண்டு பட்டு நின்ன வாக்குலயே விழுந்திருக்கும்." பொய்க்கு அங்கங்கே விவரம் வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. அந்த வாசகம் எழுதிய கேப்டனிடமிருந்து கற்றுக்கொண்டது. சொல்லும்போது உடம்பெல்லாம் எறும்பு, ஒன்றல்ல, புற்று. அவர் என் முகத்தையே பார்த்தார். நான் ஜெனரலின் முன் நின்றது போல வயிற்றை இழுத்து, உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தேன்.

"எங்கடதில்லை" என்றார் மனைவியிடம். மூச்சை விட்டார், நீளமாக. எனக்கு அந்த மூச்சைத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. "எங்கடது சிவலையல்லோ. நெத்தியில வெள்ளை."

"நான் அண்டைக்கே சொன்னனான்" என்றாள் மகேசுவரி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் மன்னிப்பும் இல்லை, மன்னிக்காததும் இல்லை. ஒரு வேலை பாக்கியிருக்கிறது என்பது மட்டும் இருந்தது. மடியிலிருந்த மூடியைக் கீழே வைத்தாள்.

குணரத்தினம் பணியாரத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இன்னொண்டு எடுங்கோ, சம்பந்தி."

செழியன் வாயிலிருந்து நகத்தை எடுத்தான். தனபாக்கியம் என்னைப் பார்த்து, கண்ணாலேயே, வாயைத் திறங்கள் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. தட்டு என் மூக்குக்கு நேரே நிற்கிறது. கனிந்து, நசுங்கி, எண்ணெய் கசிந்து. பின்னால் மாடு கிடக்கிறது. முன்னால்தான் போக முடியும். பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கடித்தேன்.